பெடல் மேலே வரவில்லை

பானெட்டுக்குள் தலையைவிட்டுக் குனிந்திருந்தவளின் முதுகுக்குப் பின்னால் சித்தப்பாவின் குரல் கேட்டது.

"கூடத்துல அப்பனைக் கிடத்தி வச்சுட்டு, பெத்த பொண்ணு காரைக் கழட்டிக்கிட்டு இருக்கா. உலகத்துல எங்கேயாவது உண்டா?"

"அப்பாவைக் கொண்டுபோற வண்டி வர்றதுக்குள்ள முடிச்சிடுவேன் சித்தப்பா."

"முடிச்சா? போன உயிர் திரும்பி வந்துடுமா?"

ஒர்க்‌ஷாப் நடத்துகிறவளுக்கு இப்படிப்பட்ட பேச்செல்லாம் காது பழகின சத்தம்தான். அவள் நிமிரவில்லை.

போன உயிர் வராது. தம்பி வர வேண்டுமே. காலையில் நெஞ்சு வலிக்கிறது என்ற அப்பாவை அவன்தான் இந்தக் காரில் ஏற்றிக்கொண்டு பறந்தான். பாதி வழியில் கிளட்ச் பெடல் தரையோடு போய் ஒட்டிக்கொண்டது. கியர் விழவில்லை. வேறு வண்டி கிடைப்பதற்குள் பின் சீட்டிலேயே அப்பா அடங்கிவிட்டார். அப்போதிருந்து தம்பி கேட்டைத் தாண்டி உள்ளே வரவில்லை. "காரைக் கவனிக்காம விட்டு நான்தான் கொன்னேன். நான் தூக்க மாட்டேன்." யார் போய்க் கூப்பிட்டாலும் இதே பல்லவி.

கவனிக்காமல் விட்டானா? அதைப் பார்க்காமல் அவள் விடுவதாக இல்லை.

கிளட்ச் எண்ணெய் டப்பா நிறைந்திருந்தது. கியர்பாக்ஸ் பக்கம் கசிவில்லை. பெடலுக்கு மேலேயும் ஈரமில்லை. அம்மாவை டிரைவர் சீட்டில் உட்காரவைத்துவிட்டு, காருக்கடியில் புகுந்தாள்.

"மிதிம்மா."

"மிதிச்சுட்டேன்டி. தொபுக்குன்னு போகுது, மேல வர மாட்டேங்குது."

கீழே சிலிண்டரின் தண்டு அசையக்கூட இல்லை. சொட்டு எண்ணெய் வெளியே ஒழுகாமல், உள்ளுக்குள்ளேயே அழுத்தம் செத்துப்போகிறது. அப்படியானால் உள்ளே இருக்கிற ரப்பர் சீல்தான் போயிருக்கிறது. ஆனால் ஏன்?

டப்பாவின் மூடியைத் திறந்தாள். உள்பக்க ரப்பர் ஊறின ரொட்டி மாதிரி உப்பியிருந்தது. கொஞ்சம் உறிஞ்சி எடுத்துக் கண்ணாடி டம்ளரில் விட்டுப் பார்த்தாள். கிளட்ச் எண்ணெயோடு ஒட்டாமல், மேலே பழுப்பாக மிதந்தது என்ஜின் ஆயில்.

"யாரும்மா இதுல என்ஜின் ஆயிலை ஊத்தினது? ரப்பரையே தின்னுடுமே."

அம்மா சீட்டிலிருந்து இறங்கி வந்து டம்ளரைப் பார்த்தாள்.

"உங்கப்பாதான். போன வாரம். 'எண்ணெய் குறைஞ்சிருக்கு, பையன் வேலை வேலைன்னு அலையுறான், இதையாவது நான் பார்க்கிறேன்'னார்."

மகள் சட்டென்று டம்ளரைக் கவிழ்க்கப் போனாள். "சீல் பழசாகித் தானாப் போச்சுன்னு சொல்லிடறேன்."

அம்மா அவள் மணிக்கட்டைப் பிடித்தாள். "பழசுன்னா ஏன் மாத்தலைன்னு அதுக்கும் அவன்தான் அழுவான். உள்ளதைச் சொல்லு."

"அப்பாவைப் போயி எப்படிம்மா..."

"அவர் தாங்குவார்டி. இவன் தாங்க மாட்டான்."

டம்ளரை அம்மாவே எடுத்துக்கொண்டு கேட்டுக்குப் போனாள். என்ன சொன்னாள் என்று காதில் விழவில்லை. தம்பி டம்ளரை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தபடி வெகுநேரம் நின்றான்.

வாசலில் வண்டி வந்து ஹாரன் அடித்தது. தம்பி விறுவிறுவென்று கூடத்துக்குள் நுழைந்தான்.

"தள்ளிக்குங்க சித்தப்பா. தலைப்பக்கம் நான் பிடிக்கிறேன்."

கை கழுவ நேரமில்லை. அவளும் ஓடிப்போய் ஒரு பக்கம் பிடித்தாள். வெள்ளை விரிப்பில் நாலு விரலும் கறுப்பாகப் பதிந்தன.