அம்சத்தின் பெயரில் ஒரு வெப்சைட்

முத்துப்பேட்டை அம்சம் கருவாட்டு வியாபாரி. சிங்கப்பூரில் வெல்டராக இருந்த தம்பி துரைக்கண்ணு சொல்லி, 2006-இல் திருத்துறைப்பூண்டியில் கம்ப்யூட்டர் சென்டர் நடத்திய ஜூலியட்டிடம், கருவாடு விற்க ஒரு வெப்சைட் போட வந்தாள்.

ஜூலியட் வெப்சைட்டின் பெயரை ஒரு கம்பெனியில் பதிவு செய்தாள். பக்கங்களை வைக்க வேறொரு கம்பெனியில் இடம் பிடித்தாள்.

"எதுக்கு டீச்சர் ரெண்டு எடம்? ஒருத்தங்கிட்டயே எல்லாம் இருந்தா அலைச்சல் இல்லையே?"

"எங்க சென்டருக்கு அப்படித்தான் செஞ்சேன்க்கா. சர்வீஸ் சரியில்லன்னு விலகப் பாத்தா, பேரத் தர மாட்டேன்னுட்டாங்க. பதிவு அவங்க பேர்ல இருந்திருக்கு. வேற பேரு வச்சு, போர்டு நோட்டீஸ் எல்லாம் மாத்தி அடிச்சேன்."

அதனால் அம்சத்தின் பெயரிலேயே பதிவு நடந்தது. பாஸ்வேர்டை அம்சமே யோசித்து வைத்தாள். வீட்டுக்காரரிடம்கூடச் சொல்லவில்லை.

இரண்டு வருடம் சிங்கப்பூரிலிருந்து ஆர்டர் நன்றாக வந்தது. ஜூலியட் பார்த்துப் போனில் சொல்வாள், அம்சம் பார்சல் கட்டி அனுப்புவாள். சித்திரை பிறக்க இரண்டு வாரம் இருக்கும்போது துரைக்கண்ணு போன் செய்தான். "அக்கா, வெப்சைட்டு தொறக்கவே மாட்டேங்குது."

ஜூலியட் விசாரித்தாள். பக்கங்களை வைத்திருந்த கம்பெனியை இழுத்து மூடிவிட்டார்கள். போனை எடுக்க ஆளில்லை.

அம்சம் பஸ் பிடித்து ஓடிவந்தாள். "தம்பி சிங்கப்பூர்ல வெப்சைட்டு பேரப் போட்டு கடை கடையா நோட்டீஸ் ஒட்டியிருக்கான் டீச்சர். அந்தப் பேரும் போச்சா?"

"பேரு போகலக்கா. அது வேற கம்பெனில, உங்க கையில இருக்கு. குடியிருந்த வீடுதான் போச்சு. வேற வீடு பாத்துக்கலாம்."

பக்கங்களின் நகலை ஜூலியட் சிடியில் வைத்திருந்தாள். புதிய கம்பெனியில் இடம் வாங்கி அவற்றை ஏற்றினாள். பிறகு, பெயர் பதிவான கம்பெனியின் பக்கத்தைத் திறந்து முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அம்சம் ஒற்றை விரலால் பாஸ்வேர்டை அடித்தாள். ஜூலியட் சொல்லச் சொல்ல, வெப்சைட் இனிக் குடியிருக்கப்போகும் புதிய சர்வரின் பெயரையும் எழுத்தெழுத்தாக அவளே அடித்தாள்.

"உடனே வராதுக்கா. ஒரு நாள் பிடிக்கும்."

அம்சம் மறுநாள் மதியம் நெத்திலியைக் காயப்போட்டுக் கொண்டிருந்தபோது துரைக்கண்ணுவிடமிருந்து போன் வந்தது.

"வந்துருச்சுக்கா! அதே பேரு, அதே பக்கம்!"

சாயங்காலத்துக்குள் ஏழு ஆர்டர். பார்சல்களை அனுப்பிய கையோடு அம்சம் மறுபடியும் சென்டருக்கு வந்தாள்.

"இனிமே ஆர்டர நானே பாக்கணும் டீச்சர். எப்படின்னு காட்டுங்க."

ஜூலியட் எழுந்து தன் நாற்காலியை அவளுக்குக் கொடுத்தாள்.