நின்றுகொண்டே சாப்பிட்டவர்

இருபது நாளாக என் வீட்டுக்காரர் உட்காரவே இல்லை. ரொட்டியும் ஆலிவும் நின்றபடியே தின்றார். கேட்டால், கோட்டைக்குக் கீழே புதிதாகக் கட்டியிருக்கும் கிரேக்கர் கூடத்தில் மல்யுத்தம் பழகும்போது விழுந்து இடுப்பு பிடித்துக்கொண்டது என்றார். எருசலேம் ஆண்களில் பாதிப் பேர் அங்கேதான் கிடந்தார்கள், உடம்பில் ஒட்டுத்துணி இல்லாமல். பெலத்தியா என்று அப்பா வைத்த பெயரை இவர் அங்கே பிலோன் என்று மாற்றிக்கொண்டார். கூப்பிட்டால் திரும்ப வேண்டுமே என்று நானும் சில நாள் அப்படிக் கூப்பிட்டுத் தொலைத்தேன்.

இடுப்பு பிடித்தவருக்குத் தேனும் கம்பளிப் பஞ்சும் எதற்கு? என்னைக் கண்டால் மேலாடையை ஏன் இழுத்துப் போர்த்த வேண்டும்? கிரேக்கர் விருந்துகளில் குழலூதி ஆண்களை மயக்குகிற எவளோ ஒருத்தி வந்து சேர்ந்திருக்கிறாள் என்று முடிவு கட்டினேன். அந்த நேரம் பார்த்து எனக்குப் பிரசவமானது. ஆண் பிள்ளை. ஏழு நாள் எனக்குத் தீட்டு, அவர் பக்கத்தில் வரக் கூடாது. சட்டமே அவருக்குத் துணை போகிறதே என்று வயிறெரிந்தேன்.

எட்டாம் நாள் காலை, எங்கள் வழக்கப்படி ஆண் பிள்ளைக்கு நுனித்தோலை வெட்டியெடுக்கும் விருத்தசேதனம் செய்ய யாகீன் மாமாவை வரச் சொல்லியிருந்தேன். இவர் தூரத்திலிருந்தே பிள்ளையைப் பார்த்துவிட்டு, மஞ்சள் பூத்திருக்கிறது, தள்ளிப்போடலாம் என்றார். மஞ்சள் பூத்த பிள்ளைக்கு எங்களில் கத்தி வைக்க மாட்டார்கள். ஆனால் என் பிள்ளை மாதுளம்பூ மாதிரிச் சிவந்து கிடந்தான். இன்று தள்ளினால் என்றைக்குமே நடக்காது என்று எனக்குப் பட்டது.

முக்காலியை வாசலில் இழுத்துப் போட்டேன்.

"இங்க வெளிச்சம் இருக்கு. உக்காந்து மடியில வெச்சுப் பாருங்க. மஞ்சளா இருந்தா மாமாவை நானே திருப்பி அனுப்பிடறேன்."

அவர் முக்காலியையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"உக்கார முடியாதுடி. வைத்தியன் தோலை இழுத்துத் தச்சிருக்கான். கூடத்துல துணிய அவுத்தா கிரேக்கப் பசங்க சிரிக்கிறானுங்க. எங்கப்பா எனக்குப் பண்ணத எம்பிள்ளைக்கு நான் பண்ண மாட்டேன்."

குழலூதுகிறவளாக இருந்தால் மயிரைப் பிடித்து இழுத்துத் தெருவில் விட்டிருப்பேன். ஆபிரகாம் நாளிலிருந்து எங்கள் குலத்துக்கு வந்த அடையாளத்தைத் தையல் போட்டு மூடிக்கொண்டு நிற்பவரை என்ன செய்வது? அருவருப்பாக இருந்தது. பாவமாகவும் இருந்தது. பாவமாக இருந்ததே என்றுதான் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"பிள்ளைய மடியில வெச்சுக்க அப்பன் வேணும். நீங்க உக்காரலேன்னா, ஏன் உக்காரலேன்னு உங்க அண்ணன் தம்பிங்க முன்னால நானே சொல்லிடுவேன்."

மாமா வந்தார். உறவுக்காரர்கள் வாசலை அடைத்து நின்றார்கள். இவர் மெல்ல, மிக மெல்ல உட்கார்ந்தார். முகம் வெளுத்துவிட்டது. நான் பிள்ளையை மடியில் கிடத்தினேன்.

கத்தி பட்டதும் பிள்ளை வீறிட்டான். அவர் கண்ணிலிருந்தும் பொலபொலவென்று கொட்டியது. பெத்த பாசத்தைப் பாரேன் என்று என் நாத்தனார் உருகினாள்.

பாசமா, தையல் வலியா, எனக்குத் தெரியாது. பிள்ளைக்கு இப்போது மூன்று வயது. இன்றுவரை அவனை அப்பாவோடு தனியாக வெளியே அனுப்பியதில்லை. அந்த வைத்தியன் வீடு இரண்டு தெரு தள்ளித்தான் இருக்கிறது.