கல்யாணி பிரித்த தையல்

மல்லாந்து படுத்து, கை காலைத் தளரவிட்டு, மூச்சை மட்டும் கவனியுங்கள் என்றுதான் ஸ்ரீதேவி டீச்சர் சொன்னார். கல்பாக்கம் டவுன்ஷிப்பிலிருந்து சனிக்கிழமைதோறும் வந்து, தையல் வகுப்புப் பெண்களுக்கு உடம்பு, மனசு, மூச்சு என்று சொல்லிக்கொடுப்பவர். அன்றைக்கு மதியம் பரீட்சை. பயம் போகட்டும் என்று படுக்கவைத்தார். எல்லோரும் எழுந்தார்கள், சந்திரம்மாவைத் தவிர. அப்படியொரு குறட்டை!

"எழுப்புங்க, மாஸ்டர் வந்துட்டார்" என்றார் டீச்சர்.

"வேணாம் டீச்சர், கொஞ்ச நேரம் வுடுங்க" என்றாள் கல்யாணி.

சதுரங்கப்பட்டினம் காலனியில் இரண்டு பேர் வீட்டுக்கும் நடுவே ஒற்றைச் செங்கல் சுவர். சந்திரம்மாவின் புருஷன் சின்னராசு, கம்ப்யூட்டர் கம்பெனிக் கட்டட வேலையில் சாரம் சரிந்து விழுந்ததிலிருந்து படுத்த படுக்கை. இரவெல்லாம் அவரைப் புரட்டிப் போடும் சத்தம் கல்யாணிக்குக் கேட்கும். அந்த மனுஷி எங்கே கண்ணை மூடினாள்? போன வாரம் தூக்கக் கலக்கத்தில் ஊசியை விரலிலேயே ஏற்றிக்கொண்டாள். இப்போது எழுப்பினால் கை நடுங்கும், தையல் கோணும். பாஸானால்தான் மெஷின் கொடுப்பார்கள். மெஷின் வந்தால்தான் புருஷன் பக்கத்திலேயே இருந்து நாலு காசு பார்க்க முடியும்.

பரீட்சை வைக்க வந்த ஜானகிராமன் மாஸ்டர் கறார் பேர்வழி. ஒழுங்காக ஓடுவது ஒரே மெஷின். ஒவ்வொருவராக உட்கார்ந்து, ஜாக்கெட்டுக்குக் கை வைத்துத் தைக்க வேண்டும்.

"கடைசி ஆள் எழுந்ததும் நான் மதுராந்தகம் பஸ்ஸைப் பிடிச்சிடுவேன். விட்டவங்க அடுத்த பேட்ச்சோடதான்."

பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அதன்பிறகு ஆடி அசைந்துதான் வேலை நடந்தது. வசந்தா ஊசியில் நூல் கோக்கவே ஒரு யுகம் எடுத்துக்கொண்டாள். கண் தெரியவில்லையாம், காலைவரை நன்றாகத் தெரிந்த கண்!

கடைசியில் கல்யாணி உட்கார்ந்தாள். தைத்தாள். சுருக்கமில்லாமல் கை அழகாகப் பொருந்திவிட்டது. பின்னால் இன்னமும் குறட்டை. தான் எழுந்தால் சந்திரம்மா கதை முடிந்தது. தன் வீட்டு ஜன்னலோரம் மெஷினுக்கு இடம் ஒழித்து வைத்தவள்தான் கல்யாணியும். பிளேடை எடுத்தாள், தைத்ததைப் பிரித்தாள்.

"நல்லாத்தானேம்மா இருந்தது?" என்றார் மாஸ்டர்.

"கோணலா கீது சார்."

மறுபடி தைத்தாள், மறுபடி பிரித்தாள். துணி நைந்து ஓட்டை விழ ஆரம்பித்தபோது, தோளில் ஒரு கை விழுந்தது. கன்னத்தில் பாய் அச்சோடு சந்திரம்மா நின்றாள்.

"எழுப்புனா இன்னாடி? நாசமாப் போறவளே!"

"கத்தாதக்கா. வா, குந்து."

சந்திரம்மா உட்கார்ந்தாள். கை நடுங்கவில்லை. தைத்து முடித்ததை மாஸ்டர் திருப்பித் திருப்பிப் பார்த்து, பாஸ் என்றார். கல்யாணியின் ஜாக்கெட்டைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தார்.

"சல்லடையா இருக்கே. நீ அடுத்த பேட்ச்ல வாம்மா."

கல்யாணி சிரித்துக்கொண்டேதான் வெளியே வந்தாள். கேட்டைத் தாண்டியதும் அழுகை முட்டிக்கொண்டு வந்தது. வராதா பின்னே? நல்லது செய்தால் வலிக்காது என்று எவன் சொன்னான்! முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நடந்தாள்.

அடுத்த வாரம் மெஷின் வந்து இறங்கியது. மறுநாள் மதியமே சந்திரம்மா வாசலில் நின்று கூப்பிட்டாள்.

"ஏய் கல்யாணி, வூட்டுக்கு வா."

தைத்துப் பழகக் கூப்பிடுகிறாள் என்று நினைத்துத் துணியோடு போனாள் கல்யாணி. மெஷின் பக்கத்தில் பாய் விரித்து, தலையணையும் போட்டிருந்தது.

"மொதல்ல படு" என்றாள் சந்திரம்மா.

"இன்னாத்துக்குக்கா?"

"பரீட்சையிலேர்ந்து நீ தூங்கல. ராவெல்லாம் மூக்க உறிஞ்சிகினு அழுவுறது எனுக்குக் கேக்காதுன்னு நெனச்சியா? படு. எழுந்து தச்சுக்கலாம், மிஷினு எங்கியும் ஓடிடாது."

கல்யாணி துணியை ஓரமாக வைத்துவிட்டுப் படுத்தாள். சந்திரம்மா கடகடக்கும் மெஷினைத் தொடாமல், ஊசியை எடுத்துக் கையாலேயே தைக்க ஆரம்பித்தாள்.