ருசி பார்க்காத சமையல்

உப்பு என்ற சொல்லைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"உப்பில்லாப் பத்தியமா, பாவம்" என்றாள் நாத்தனார். உப்பு சாப்பிடலாம், அதில் சேர்க்கிற அயோடின்தான் ஆகாது என்று தொண்டை வற்றச் சொன்னேன். "அப்ப கடல் உப்பு போட்டுக்குங்க அண்ணி" என்றாள். அதுவும் ஆகாது. மீன், பால், முட்டையின் மஞ்சள் கரு எதுவும் ஆகாது. கட்டிய கணவரோ தினமும் "தயிர் சாப்பிடலாம்ல?" என்று புதிதாகக் கேட்பார்.

தைராய்டு கேன்சர். அறுவை சிகிச்சை முடிந்துவிட்டது. மிச்சம் மீதியைக் கதிரியக்க அயோடின் கொடுத்து அழிப்பார்களாம். அதற்கு முன்னால் உடம்பை அயோடினுக்கு ஏங்கவிட வேண்டும். இல்லாவிட்டால் சிகிச்சை தள்ளிப்போகும். தைராய்டு மாத்திரையையும் நிறுத்தியிருந்ததால் கைகால் அசைய மறுத்தன, எரிச்சல் மட்டும் சுறுசுறுப்பாக இருந்தது.

இந்த அழகில் நான் தொழிற்சாலை கேன்டீனில் சமையல்காரி. சிகிச்சைக்குப் பிறகு கதிர்வீச்சு அடங்கும்வரை தனியாக இருக்க வேண்டும் என்பதால் விடுப்பைச் சேர்த்து வைத்துக்கொண்டு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். அங்கே யாரிடமும் சொல்லவில்லை. கேன்சர் வந்தவள் கையால் சாப்பிட மாட்டேன் என்று ஒருவன் தட்டை நகர்த்தினாலும் என்னால் தாங்க முடியாது. கழுத்துத் தழும்பைத் துணி சுற்றி மறைத்தேன். கேன்டீன் உப்பில் அயோடின் உண்டு. அதனால் சொட்டுகூட நாக்கில் வைக்காமல், கைக்கணக்கை நம்பிச் சமைத்தேன்.

நொட்டை விடுவானா? கிரேன் ஓட்டுகிறவன். எதைக் கொடுத்தாலும் நொட்டை சொல்வதால் அந்தப் பெயர்.

"அக்கா, சூப்ல உப்பு தூக்கல்."

"உன் வாய்தான் தூக்கல். நகரு."

"நேத்தும் இப்படித்தான். நீங்களே குடிச்சுப் பாருங்க."

"குடிக்கிறேன்யா! எங்க அதிகம்?" என்று கரண்டியை அப்படியே வாயில் கவிழ்த்துக்கொண்டேன்.

வாய் நிறைந்த பிறகுதான் புத்தி வந்தது. ஓடிப்போய்த் தொட்டியில் துப்பினேன். "பாத்தீங்களா, சமைச்சவங்களே துப்புறாங்க!" என்றான் நொட்டை. வரிசையே சிரித்தது. வாயைக் கொப்பளித்துவிட்டு, அங்கேயே நின்று ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டேன்.

நர்ஸுக்கு என் பெயர் பிடிபடவில்லை. "தைராய்டு கேன்சர், சிஸ்டர்! அயோடின் சிகிச்சைக்கு வரப்போறவ! சூப்ப ருசி பாத்து வாயில உப்பு பட்டுடுச்சு, தேதி தள்ளிப்போயிடுமா?" என்று கத்தினேன்.

"துப்பிட்டீங்கல்ல? அதுக்கெல்லாம் தள்ளிப்போகாது. இனிமே ருசி பாக்காதீங்க."

திரும்பினால் வரிசையில் எல்லாத் தலையும் என் பக்கம் இருந்தது. எல்லோருக்கும் கேட்டுவிட்டது. நான் நொட்டையின் தட்டையே பார்த்தேன். இப்போது நகர்த்துவான் என்று காத்திருந்தேன். அவன் கிண்ணத்தைத் தூக்கி ஒரு சொட்டு விடாமல் குடித்தான்.

"நல்லா இருக்குக்கா" என்றான்.

அந்த ஒரு வாய் சூப் என் நாக்கில் இன்னும் கரித்துக்கொண்டிருந்தது. எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை.

"பொய் சொல்லாத! வாயில வைக்க முடியல. நான்தான் ருசி பாக்க முடியாம கெடக்கேன், நீயும் நல்லா இருக்குன்னா நான் யார நம்பி உப்பு போடுறது?"

அவன் தலையைச் சொறிந்தான். பிறகு கிண்ணத்தை நீட்டினான்.

"கரிக்குதுக்கா. தண்ணி ஊத்தி, ரெண்டு உருளைக்கிழங்கு போட்டுக் கொதிக்க விடுங்க. ருசி பாக்க நான் நிக்கிறேன்."

போட்டேன். அழுதுகொண்டே போட்டேன்.