சுடலைக்கண்ணுவின் குரலும் அரிசி வண்டுகளும்

திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவிலிருந்து சுடலைக்கண்ணு போனில் பேசினால், பணகுடியில் அவன் வீட்டு அரிசியில் இருந்த வண்டுகள் செத்துப்போயின. முதலில் அதைக் கண்டவள் அவன் மனைவி நாச்சியார். மாசமாக இருந்தவள், போனை ஸ்பீக்கரில் போட்டுப் பக்கத்தில் வைத்துவிட்டு அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். "சாப்ட்டியா பிள்ள" என்று அவன் கேட்டதும் முறத்தில் ஊர்ந்தவை எல்லாம் காலை மடக்கி மல்லாந்தன. லேசாகப் பூண்டு வாடை அடித்தது.

"ஏங்க, இன்னைக்கு அங்க என்ன செஞ்சிய?"

"முந்திரி மூட்டைக்கு மருந்து வச்சேன். வேற என்ன?"

அதுதான் அவன் வேலை. முந்திரியும் நிலக்கடலையும் சரக்குக் கிட்டங்கியில் வந்து இறங்கும். மூட்டை அடுக்கைத் தார்ப்பாயால் மூடி, ஓரங்களில் மணல் நிரப்பிய துணிக்குழாய்களை வைத்து அழுத்தி, உள்ளே மாத்திரை வைப்பார்கள். மாத்திரை ஈரக்காற்றில் கரைந்து வாயுவாகும். வண்டும் அந்துப்பூச்சியும் முட்டையோடு சாகும். அதுவரை யாரும் கிட்டே போகக்கூடாது. பிறகு பாயை விலக்கி, ஃபேன் போட்டு, நன்றாகக் காற்றாடவிட்ட பின்னரே பருப்பு வெளியே போகும். வருஷக்கணக்காக அந்த வேலையில் நின்றதால் வாயு குரலில் தங்கிவிட்டது என்று தெரு முடிவுசெய்துகொண்டது. பக்கத்து வீட்டுத் தாசம்மாள் உளுந்து டப்பாவோடு வந்தாள்.

"அண்ணன ரெண்டு வார்த்த பேசச் சொல்லு பிள்ள. கோவமாப் பேசுனா இன்னும் நல்லது."

மகள் அனுஷா பிறந்ததும் சுடலைக்கண்ணுவைப் பயம் பிடித்தது. வண்டைக் கொல்லும் குரல் பச்சைப்பிள்ளையை என்ன செய்யும்? போன் பேசுவதை நிறுத்தினான். போனிலேயே இப்படியென்றால் நேரில் எப்படியோ என்று ஊருக்குப் போவதையும் நிறுத்தினான். சொல்ல வேண்டியதைத் தன் போனிடம் சொல்வான். அது எழுத்தாகி வீட்டுக்குப் போகும். நாச்சியார் அந்த எழுத்து தெரியும் போனை முறத்தில் வைத்துப் பார்த்தாள். வண்டுகள் அதன்மேல் ஏறி நடந்தன. எழுத்தில் வாயு இல்லை. ஆனால் அவளுக்கு மனசு ஆறவில்லை. திருப்பிக் குரலிலேயே அனுப்பினாள்.

"மீன்காரர் சத்தம் கேட்டா பிள்ள திரும்புது. அப்பன் சத்தம் அதுக்குத் தெரியல. உங்க எழுத்தக் கரைச்சா ஊட்ட முடியும்?"

அதை அவன் திரும்பத் திரும்பக் கேட்பதைக் கிட்டங்கிச் சூப்பர்வைசர் பிரதீஷ் கவனித்தான்.

"எடா சுடலை, காத்தாட விடாம ஒரு சாக்காவது வெளிய விட்டிருக்கோமா? நீயும் போய் காத்து கொள்ளு. அத்ரேயுள்ளூ, அவ்வளவுதான்."

அன்றிலிருந்து வேலை முடிந்ததும் சுடலைக்கண்ணு சங்குமுகம் கடற்கரையில் காற்றைப் பார்த்து நின்று பேசினான். பணகுடி வரைக்குமான பஸ் நிறுத்தங்களைச் சொன்னான்; மகளிடம் சொல்ல வைத்திருந்ததையும் சொன்னான். தொடக்கத்தில் ஐஸ்கிரீம் வண்டிகளில் மொய்த்த ஈக்கள் உதிர்ந்தன. வண்டிக்காரர்கள் தங்கள் பக்கம் வந்து நிற்கும்படி அவனைக் கூப்பிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் நாச்சியார் பிள்ளையைத் தாசம்மாளிடம் விட்டுவிட்டு, முறத்தில் வண்டுகளைப் பரப்பிப் போனை எடுப்பாள். அவன் பேசிவிட்டுக் காத்திருப்பான்.

"எல்லாம் போச்சுங்க."

ஜூன் மாதத்து இடவப்பாதி மழை வந்து போனது. "பாதிதான் செத்துக் கெடக்கு" என்றாள். ஓணத்துக்குப் பிறகு, "ஒண்ணு ரெண்டுதான் நொண்டுது" என்றாள். வண்டைக் கொல்வதற்கே சம்பளம் வாங்கியவன், ஒரு முறம் வண்டு பிழைக்க வேண்டுமென்று சாலையில் கண்ட கோயிலிலெல்லாம் கும்பிட்டான்.

அடுத்த ஞாயிறு அவன் பேசி முடித்ததும் மறுபுறம் முறம் தரையில் தட்டும் சத்தம் கேட்டது.

"பிள்ள? என்னாச்சு?"

"ஓடுதுங்க. முறத்த விட்டு இறங்கி ஓடுது."

நாச்சியார் தாசம்மாள் வீட்டிலிருந்து அனுஷாவைத் தூக்கிவந்து போனருகே உட்காரவைத்தாள். சொல்ல இருந்ததையெல்லாம் கடலிடம் சொல்லி முடித்திருந்ததால் அவனிடம் மிச்சமிருந்தது ஒரே வரிதான்.

"அனு, அப்பா பேசுதேன்" என்றான்.

பிள்ளை திரும்பியது.

அதற்குப் பிறகு அந்த வீட்டு அரிசியில் வண்டுக்குக் குறைவில்லை. நாச்சியார் முணுமுணுக்காமல் புடைக்கிறாள். தாசம்மாள் உளுந்தில் வேப்பிலை போட்டு வைக்கிறாள். போன் வைக்கும் மாடக்குழியில் எப்போதும் ஒரு சின்ன டப்பாவில் நாலைந்து வண்டுகள் இருக்கும். சுடலைக்கண்ணு கூப்பிட்டால் முதலில் அவை கேட்கும். பிறகு பிள்ளை கேட்கும்.