அணைக்காமல் கம்பி மாற்றியவன்

மனைவியின் கருமாதி முடிந்த மறுநாளிலிருந்து இளங்குமரனை மின்சாரம் தொடவில்லை. மலேசியாவில் ரந்தாவுக்கும் கோலா சாவாவுக்கும் நடுவே, செம்பனைக் காட்டுக்குள் இருந்த சிற்றலை வானொலி நிலையத்தில் அவன் பொறியாளன். ரதி டிங்கிக் காய்ச்சலில் போன பிறகு, லீவு மிச்சமிருந்தும் வேலைக்குத் திரும்பினான். அன்று காற்றில் அறுந்து கிடந்த ஆன்டெனாக் கம்பியை, ஒலிபரப்பு ஓடிக்கொண்டிருக்கும்போதே, கொடியிலிருந்து விழுந்த துணியை எடுப்பதுபோல எடுத்துச் சுருட்டி வைத்தான். பக்கத்துப் புல் கருகியது. அவன் உள்ளங்கையில் ஒரு கோடுகூட விழவில்லை. கம்பம் ஏறுகிறவர்களை மேற்பார்க்கும் மண்டோர் மணியம், சாமி வந்த ஆளைப் பார்ப்பதுபோல அவனைப் பார்த்தார்.

நிலையத் தலைவர் ஹேமநாதனுக்கு அது வசதியாகப் போயிற்று. டிரான்ஸ்மிட்டருக்கு வயதாகிவிட்டது, ஒருமுறை அணைத்தால் மறுபடி உயிர் பிடிக்காது என்று எல்லோருக்கும் தெரியும். புதியது வந்து இறங்கி, பெட்டி பிரிக்காமல் கிடந்தது. துருப்பிடித்த ஆன்டெனாக்களை மாற்றி முடிக்காமல் அதை இணைக்க முடியாது. ஒலிபரப்பு ஒரு நாள் நின்றாலும் நிலையத்தையே மூடிவிடுவதாக மேலிடம் சொல்லியிருந்தது. ஆகவே எதையும் அணைக்காமல் கம்பி மாற்ற முடியுமா என்று இளங்குமரனைக் கேட்டார்கள். அவனுக்கு மறுப்பு இல்லை. அந்த வருடம் அவனுக்கு எதிலுமே மறுப்பு இல்லை.

மரத்துப்போன மனசுதான் அவனைக் காக்கிறது, அழுதால் அன்றைக்கே கரிக்கட்டை என்று மணியம் கணித்தார். அதன்பின் ரதியின் பெயரை அங்கே யாரும் சொல்லவில்லை. கண்டீனில் சோகப் பாட்டு நின்றது. ரதியின் கைப்பக்குவத்திலேயே நெத்திலி சம்பல் வைத்துவிட்ட கண்டீன்காரி செல்லம்மாவை மணியம் சட்டியோடு வெளியே அனுப்பினார். பக்கத்து ஊர் லாபுவிலிருந்து பஞ்சாலை என்ற அவன் மாமியார் வரும்போதெல்லாம் காவலாளி ஏதாவது சொல்லித் திருப்பி அனுப்பினான். இளங்குமரன் கம்பத்தில் இருக்கும் நேரம் கீழே யாரும் உரக்க மூச்சுகூட விடுவதில்லை. இப்படியே மூன்று ஆன்டெனாக்கள் மாறின.

நான்காவதன் கடைசிக் கம்பியை அவன் பூட்டிக்கொண்டிருந்த காலையில், பஞ்சாலை காவலாளியைத் தள்ளிவிட்டு உள்ளே வந்தாள். வருடத் திதிக்கு மருமகனை அழைக்க வந்தவள். மணியம் குறுக்கே ஓடி வந்தார். "அழுதுடாதீங்க அக்கா, கும்பிடுறேன்" என்றார். பஞ்சாலை அழவில்லை. அண்ணாந்து, வெறுங்கையோடு நின்ற மருமகனைப் பார்த்தாள். கீழே ரப்பர் பூட்ஸும் ரப்பர் கையுறையுமாக, ரப்பர் பாய்மேல் நின்ற ஹேமநாதனைப் பார்த்தாள். முப்பது வருடம் ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டி, மங்கில் பால் பிடித்தவள். நிரைக்கு நிரை கூப்பிட்டுப் பழகிய குரல்.

"ஏங்கய்யா, மேல நிக்கிறவன் வெறுங்கையோட நிக்கிறான். தரையில நிக்கிற உங்களுக்கு இவ்ளோ ரப்பரா? கத்தி மட்டும் கையில இருந்திச்சின்னா, உங்களத்தான் மொதல்ல வெட்டி பால் மங்கு மாட்டியிருப்பேன் லா!"

மேலே இளங்குமரன் சிரித்துவிட்டான்.

அழுகைக்கு எல்லாக் கதவையும் சாத்தியிருந்தார்கள். சிரிப்பை யாரும் நினைக்கவில்லை. அது தொண்டையில் பாதி இருக்கும்போதே, ரதி இதைக் கேட்டிருந்தால் எப்படிச் சிரித்திருப்பாள் என்று அவனுக்குத் தோன்றியது. உடனே கட்டைவிரல் சுட்டது. பிறகு உள்ளங்கை. விரல்கள் கம்பியைவிட்டு வர மறுத்தன. தோல் கருகும் வாசம் அவனுக்கே வந்தது.

"அத்தை, சுடுது!"

மணியம் டிரான்ஸ்மிட்டர் அறைக்கு ஓடினார். ஹேமநாதன் முந்திக்கொண்டு வாசலை மறித்தார். "அணைச்சா திரும்ப வராது, மணியம்!"

"அவன் போனாலும் வராது, பாஸ்."

ஹேமநாதன் வாசலிலிருந்து கையை எடுத்தார். பிறகு அவரே உள்ளே போய் விசையை இறக்கினார். இத்தனை வருடம் இரைந்துகொண்டிருந்த டிரான்ஸ்மிட்டர் அடங்கியது, அத்தோடு சரி.

இளங்குமரன் இறங்கி வந்து மாமியாரின் தோளில் முகத்தை வைத்து அழுதான். அவள் அவன் கையை விரித்துப் பார்த்தாள். "எரியுதா, மாப்பிள்ளை?" என்றாள். "எரியுது அத்தை." "எரியட்டும்" என்றாள்.

அன்று ஒலிபரப்பானது அந்த அழுகைதான். டிரான்ஸ்மிட்டர் செத்துக் கிடக்க, புதிய ஆன்டெனா அவன் விம்மலை எடுத்துக்கொண்டு கடல் தாண்டியது. புதிய டிரான்ஸ்மிட்டர் ஓடத் தொடங்கும்வரை, லாபுவில் மாமியார் வீட்டில் அவன் அழுததெல்லாம் சபாவிலும் நாகப்பட்டினத்திலும் தெளிவாகக் கேட்டதாக நேயர்கள் தகவல் அனுப்பினார்கள். ஒலிபரப்பு நிற்கவில்லை என்பதில் மேலிடத்துக்குத் திருப்தி. அது ஓடத் தொடங்கிய பிறகும் அவன் அழும்போதெல்லாம் நிகழ்ச்சிகளின் நடுவே அந்த விம்மல் கலந்தது. செய்தி நேரத்தில் மட்டும் கொஞ்சம் பொறுத்துக்கொள்ள முடியுமா என்று ஹேமநாதன் போனில் கேட்டார். பஞ்சாலை போனை வாங்கி, செய்தியைத் தள்ளி வைக்கச் சொன்னாள். அடுத்த திங்கட்கிழமையிலிருந்து செய்தி கால் மணி நேரம் தள்ளிப்போனது.