போத்தல் மணி

தனுஷியா கடைக்குள் வந்ததும் வராததுமாக மூக்கைப் பொத்தினாள். பிளாஸ்ரிக்கைப் புதிய கண்ணால் பார்க்க வேண்டும் என்று ஊருக்குச் சொல்லக் கண்காட்சி வைக்கப் போகிறவளுக்குப் பிளாஸ்ரிக்கின் மணம் ஒத்துக்கொள்ளவில்லை.

கொட்டாஞ்சேனையில் சப்ரி முதலாளியின் கடையில் மூன்று வருடமாக நான் தராசுக்குப் பக்கத்தில் நிற்கிறேன். வாளியும் பேசினும் சோடாப் போத்தலும் ஷொப்பிங் பையும் பிறப்பதற்கு முன்னால் மூட்டைக்குள் சின்னச் சின்ன மணியாகத்தான் கிடக்கும். பட்டறைக்காரர்கள் வாங்கிக்கொண்டு போய் உருக்கி வார்ப்பார்கள். எது வாளிக்கு, எது பைக்கு, எது போத்தலுக்கு என்று கண்ணைக் கட்டிவிட்டாலும் தடவிப் பார்த்துச் சொல்லுவேன்.

அதற்கு முன் எனக்கு மீன் வியாபாரம். கொழும்புக் கடலில் கப்பல் எரிந்து, அதிலிருந்த பிளாஸ்ரிக் மணியெல்லாம் கரையில் ஒதுங்கியதே, அந்த வருடத்தோடு அது முடிந்தது. மீனின் வயிற்றுக்குள் பிளாஸ்ரிக் என்று கதை பரவி, என் கடைப் பக்கம் ஒரு நாயும் வரவில்லை. என் பிழைப்பைக் கெடுத்த பிளாஸ்ரிக்தான் இன்றைக்கு எனக்குச் சோறு போடுகிறது. வெட்கமில்லாமல் சாப்பிடுகிறேன்.

தனுஷியாவைக் கூட்டிக்கொண்டு வந்தவள் என் மகள் சாமினி. டிசைன் படித்துவிட்டு நாலு மாதமாக அவளிடம்தான் வேலை பழகுகிறாள். கண்காட்சி நல்லபடி முடிந்தால் நிரந்தரமாக்கிக் கடிதம் தருவதாகத் தனுஷியா சொல்லியிருந்தாள். அந்தக் கடிதத்தைத் தவிர எங்கள் வீட்டில் வேறு பேச்சே இல்லை.

"அன்ரி, எனக்குக் கப்பல் மணி வேணும்."

"அது இங்க ஏது புள்ள? கரையில அள்ளினத அரசாங்கம் மூட்டை கட்டி வச்சிருக்கு எண்டுதானே சொல்றாங்க."

"கேட்டுப் பாத்தனான், தரமாட்டினமாம். பரவாயில்லை. அதே மாதிரி வெள்ளையா ஏதும் தாங்கோ." மூன்று மூட்டைக்குள் எட்டிப் பார்த்தாள். மூன்றாவதில் கையை விட்டு அளைந்தாள். கண்ணை மூடிக்கொண்டாள். "இதுதான். இதுக்குள்ள ஒரு துயரம் இருக்கு."

அந்த மூட்டையை அன்று காலை ஒன்பது மணிக்குத்தான் நான் பிரித்தேன். துயரம் எப்போது உள்ளே போனதென்று தெரியவில்லை.

"புள்ள, அது போத்தல் செய்யிற மணி. தண்ணியில போட்டா தாழும். கப்பல்ல வந்தது பை செய்யிற சாதி, அது மிதக்கும்."

"அன்ரி, நான் மெல்பேர்ணில மூண்டு வருசம் மெற்றீரியல்தான் படிச்சனான்."

கொல்லன் தெருவுக்கு ஊசி விற்க வந்திருக்கிறாள்! வாயைத் திறக்கப் போனேன். சாமினி பின்னால் நின்று என் முழங்கையை அழுத்தினாள். இரண்டு மூட்டை போத்தல் மணியை நிறுத்துக் கொடுத்தேன்.

போகிற நேரத்தில் தனுஷியா திரும்பினாள். "அன்ரி முந்தி மீன் வித்தனீங்களாம்?" என்று கேட்டவள், அப்போதுதான் முதன்முதலாக என் முகத்தைப் பார்த்தாள். செவுளைத் தூக்கிப் பார்க்கிற மாதிரியான பார்வை. போனில் ஒரு படமும் எடுத்தாள். "திறப்புவிழாவுக்குக் கட்டாயம் வரோணும்."

சனிக்கிழமை பின்னேரம் போனேன். வெள்ளவத்தையில் கடலைப் பார்த்த ஒரு பழைய வீடு. உள்ளே உருகி வளைந்த நாற்காலி ஒன்று, உட்காரக் கூடாதாம். தயிர்க் கப்புகளை ஒட்டி ஒரு விளக்கு, எரியாதாம். ஐஸ்கிறீம் டப்பாக்களை அடுக்கி, "பொருளுக்கு மறுபிறவி" என்று பெயர் வைத்திருந்தாள். வெள்ளவத்தையில் எந்த வீட்டுப் பிரிஜ்ஜைத் திறந்தாலும் ஐஸ்கிறீம் டப்பாவுக்குள் கறிவேப்பிலையும் மாஜரின் டப்பாவுக்குள் நெத்தலிக் குழம்பும் இருக்கும். அந்தப் பெண்களை ஒருவரும் கலைஞர்கள் என்று கூப்பிட்டதில்லை.

நடுவில் குளியல் தொட்டி அளவில் ஒரு கண்ணாடித் தொட்டி, நிறையக் கடல் தண்ணீர். மேலே வெள்ளையாக மிதந்து அலைய வேண்டிய மணிகள் அடியில் வேகாத சவ்வரிசி மாதிரிப் படிந்து கிடந்தன. கண்ணாடி போட்ட ஒரு பெரியவர் குனிந்து பார்த்துவிட்டுக் கேட்டார்: "அண்டைக்கு இதெல்லாம் மிதந்துதானே வந்தது? இங்க ஏன் தாழ்ந்து கிடக்கு?"

தனுஷியா கண் இமைக்கவில்லை. "துயரத்துக்குப் பாரம் இருக்கு. பாரம் கீழதான் போகும்."

சுற்றி நின்றவர்கள் ஆவென்று பெருமூச்சு விட்டார்கள். கேழ்வரகில் நெய் வடிகிறது என்றால் கேட்பவருக்கு மதி எங்கே போயிற்று?

பிறகுதான் சுவரைப் பார்த்தேன். கறுப்பு ஸ்டிக்கர் எழுத்தில், மூன்று மொழியிலும், என் பெயர். "பிறிஜெற், மீனவப் பெண். எரிந்த கப்பலின் மணிகளை மூன்று மாதம் கரையில் நின்று தன் கையால் பொறுக்கியவர். அவை இங்கே." முழுப் பூசணிக்காய், ஒரு கோப்பைச் சோற்றுக்குள்.

சாமினியை ஒரு பக்கம் இழுத்தேன். "இத யாரு ஒட்டினது?"

"நான்தான்."

"பொய்யெண்டு உனக்குத் தெரியாதா?"

"அம்மா, இண்டைக்கு மட்டும் ஒண்டும் சொல்லாதீங்க. நாளைக்கு லெட்டர் தாறாங்க." என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

கோபத்தை விட வலிதான் அதிகம். மீன் விற்ற காசில் படித்த பிள்ளை, என் பெயரிலேயே பொய்யை ஒட்டியிருக்கிறாள். ஆனால் அந்தக் கையைப் பார்த்ததும் பேசாமல் வீட்டுக்குப் போய்விடலாம் என்றுதான் நினைத்தேன். தனுஷியா விடவில்லை. என்னைத் தொட்டிக்குப் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்தி மைக்கைக் கையில் தந்தாள். "பொறுக்கின கதையைச் சொல்லுங்கோ அன்ரி. அழுகை வந்தாலும் பரவாயில்லை."

எனக்கு அழுகை வரவில்லை.

"நான் கரைப் பக்கமே போகல்ல," என்றேன். "அதுக்கு எனக்கு நேரமில்ல. விடியக்காலையில பேலியகொடைச் சந்தையில மீன் எடுத்து வந்து, வாங்க வாறவங்களுக்கு முன்னால வயித்தக் கீறிக் காட்டினேன். பாருங்க, உள்ள ஒண்டும் இல்ல, சுத்தம் எண்டு. அவங்க பாத்தாங்க, சரியக்கா எண்டாங்க, கோழி வாங்கப் போனாங்க. கீறின மீனப் பிறகு யாரு வாங்குவா? பழசு எண்டுதான் நினைப்பாங்க. தெரிஞ்சும் கீறினேன். பதினேழு நாள். அதோட கடையச் சாத்தினேன். இந்த மணி நான் பொறுக்கினதில்ல. போன செவ்வாக்கிழமை நான் வேலை செய்யிற கடையில இந்தப் புள்ளைக்கு நிறுத்துக் குடுத்தது. சோடாப் போத்தல் செய்யிற புது மணி. அதுதான் தாழ்ந்து கிடக்கு. துயரம் எல்லாம் இல்ல."

யாரோ கைதட்டினார்கள். பிறகு எல்லோரும் தட்டினார்கள். தனுஷியா என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கூட்டத்தைப் பார்த்துச் சொன்னாள்: "கேட்டீங்களோ? எது உண்மை, எது போலி? இந்தக் கேள்வியைத்தான் பிளாஸ்ரிக் எங்களிட்டைக் கேக்குது." என் பதினேழு நாள் மீனையும் அள்ளித் தன் பைக்குள் போட்டுக்கொண்டாள். அறைய வேண்டும் போல இருந்தது. என் காதுக்குள் மட்டும், "மகளின்ர வேலையை யோசிச்சனீங்களோ அன்ரி?" என்றாள்.

பிள்ளையின் பிழைப்பில் மண் போட்டுவிட்டேன். சாமினியின் முகத்தைப் பார்க்கத் துணிவில்லாமல் வாசலுக்குத் திரும்பினேன். பின்னால் கைதட்டல் திடீரென்று நின்றது.

சாமினி சுவருக்கு முன்னால் நின்றாள். முதல் எழுத்தின் அடியில் நகத்தை விட்டு இழுத்தாள். கிளாத்தி மீனின் தோல் மாதிரி அது உரிந்து வந்தது.

"சாமினி, என்ன செய்யிறீர்?"

"பொய்ய எடுக்கிறேன், மிஸ்."

என் பெயர் போயிற்று. மீனவப் பெண்ணும் போனாள். தனுஷியா கொஞ்ச நேரம் பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்தாள். பிறகு அவளுடைய முகம் மலர்ந்தது. "நிப்பாட்டும்! பாதியில அப்பிடியே விடும், சாமினி. அருமையா இருக்கு! கெதியாப் படம் எடுங்கோ!" என்று கமராக்காரனைக் கூப்பிட்டாள். "உமக்கு இதில நல்ல கண் இருக்கு. நாளைக்கு லெட்டர் எழுதுவம்."

சாமினியின் கை நின்றது. திரும்பி என்னைப் பார்த்தாள். நான் ஆமென்றும் சொல்லவில்லை, வேண்டாமென்றும் சொல்லவில்லை. அவள் சுவரின் பக்கம் திரும்பினாள். தமிழை முழுதாக உரித்தாள். சிங்களத்தை உரித்தாள். ஆங்கிலத்துக்கு எட்டி, கடைசி முற்றுப்புள்ளியையும் சுரண்டி எடுத்தாள்.

கமராக்காரன் தனுஷியாவைப் பார்த்தான். வெறும் சுவரை என்ன செய்வதென்று அவளுக்குத் தெரியவில்லை.